திருச்சி – பூம்புகார், காவிரிக் கரையோரம் ஒரே நாளில் சைக்கிளில்: வழி, காற்று, உதிரிபாகம்

நடுவாய்க்கால்

வணக்கம். பொங்கல் கழிந்து ஜனவரி கடைசி வாரத்தில் மூன்று பேர் திருச்சியிலிருந்து பூம்புகார் வரை காவிரியை ஒட்டியே ஒரு நாளில் போவதாகத் திட்டம். சத்திரம் பேருந்து நிலையம், கல்லணை, கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கபிஸ்தலம், சுவாமிமலை, கும்பகோணம், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை, பூம்புகார். கூட்டிப் பார்த்தால் சுமார் 145 கி.மீ.

இரண்டு வண்டி ஹைப்ரிட்: 700x32 டயர், பின்னால் 8 பல்சக்கரம். மூன்றாவது, கியர் இல்லாத பழைய 28 இஞ்ச் வண்டி. ஆளுக்கு 5 முதல் 6 கிலோ சாமான். காலை 5.30-க்குக் கிளம்பி, ஓடும் வேகம் சராசரி 18 என்று வைத்திருக்கிறோம்.

தரை முழுக்கச் சமவெளி, கிளம்பும் இடம் கடல் மட்டத்திலிருந்து 80 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், சேரும் இடம் கடற்கரை. அதனால் சுலபம் என்று நினைக்கிறோம். எங்கே தப்புக்கணக்கு போட்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள். 28 இஞ்ச் வண்டி தாங்குமா? வழியில் கிடைக்காத உதிரிபாகம் என்னென்ன?

கொண்டல்

தப்புக்கணக்கு திசையில இருக்கு. வழி சரி, மாசமும் சரி. ரெண்டும் சேர்ந்தா சரியில்ல.

80 மீட்டர் இறக்கம் 145 கிலோமீட்டர்ல பரவிக் கிடக்கு. கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சொச்சம். காலுக்கு அது தெரியவே தெரியாது. காற்று தெரியும். ஜனவரியில டெல்டாவுல அடிக்கிறது வடகிழக்குக் காற்று. வாடையும் கொண்டலும் கலந்த மாதிரி. மதியத்துக்கு மேல கடல் காற்றும் அதே கிழக்கிலேர்ந்து சேரும். நீங்க போறது கிழக்க. அதாவது காலை முழுக்க முகத்துல காற்று, கால் ஓய்ஞ்ச பிறகு இன்னும் அதிகமா முகத்துல காற்று.

கணக்கா பாருங்க. காற்றோட எதிர்ப்பு, உங்க மேல படுற காற்று வேகத்தோட இருமடிக்கு ஏத்தபடி ஏறும். காற்றே இல்லாம 20-ல போனா 20-ன்னு படுது. எதிர்காற்று 15 இருந்தா 35. (35/20)ஐ இருமடியாக்கினா 3 மடங்கு எதிர்ப்பு. அதே 15 பின்னால இருந்தா படுறது வெறும் 5, எதிர்ப்பு பதினாறுல ஒரு பங்கு. நிஜத்துல காற்று சாய்வாத்தான் வரும், மரமும் வீடும் தடுக்கும், அதனால இவ்வளவு வித்தியாசம் இருக்காது. ஆனா பாதி இருந்தாலே ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் போயிடும். அறுப்பு முடிஞ்ச வயல் நடுவுல தடுக்க ஒண்ணுமே கிடையாது.

திருப்பிப் போடுங்க. பூம்புகார்லேர்ந்து திருச்சி. ஜூன், ஜூலைன்னா உங்க திசைதான் சரி, மேல்காற்று தள்ளிக்கிட்டுப் போகும். ஆனா அப்போ வெயில் வேற கணக்கு. 11 மணியிலேர்ந்து 3.30 வரை எங்கயாவது படுத்துக் கிடக்கணும்.

நடுவாய்க்கால்

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வண்டியோடு பூம்புகாருக்கு எப்படிப் போய்ச் சேர்வது? அங்கே ரயில் கிடையாதே.

பார்சல்_ஆபீஸ்

மயிலாடுதுறை ஜங்ஷன் வரை ரயில். முதல் நாள் மதியமே போய் இறங்கிவிடுங்கள். அங்கிருந்து பூம்புகார் சுமார் 24 கி.மீ. மாலையில் மிதித்துப் போய் அங்கேயே தங்கலாம். இல்லையென்றால் மயிலாடுதுறையில் தங்கி, மறுநாள் நேராக மேற்கே திரும்பலாம். அப்படிச் செய்தால் நாள் 120-க்குக் குறையும். கடலைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் முதல் நாள் மாலையே பார்த்துவிட்டு மயிலாடுதுறைக்குத் திரும்புவது இன்னொரு வழி. அப்போது இரண்டு நாளுக்கும் சேர்த்துக் கால் ஓடும்.

சைக்கிளை ஏற்ற, பார்சல் வேன் உள்ள ரயிலாகப் பாருங்கள். மெமு, டெமு வகை வண்டிகளில் பார்சல் பெட்டி இருக்காது. பயணச்சீட்டோடு பார்சல் அலுவலகத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போனால் நல்லது. குறுக்குத்தண்டில் கெட்டி அட்டை கட்டி பெயர், ஏறும் நிலையம், இறங்கும் நிலையம் மூன்றையும் அழியாத மையில் எழுதுங்கள். விளக்கு, தண்ணீர்ப் புட்டி, பம்பு, சீட்டுப்பை எதையும் வண்டியில் விட வேண்டாம். பின் கியர் இருக்கும் வண்டிக்குச் சங்கிலியைக் கடைசிப் பெரிய பல்லில் போட்டு வைத்தால் டிரெய்லர் (பின்சக்கரத்தருகே சங்கிலியைக் கியர் மாற்றும் கருவி) உள்வாங்கி நிற்கும், மற்ற மூட்டை இடித்து வளைக்காது. பலரும் விடுகிற தவறு இது. இறக்கியவுடன் முதல் வேலை, பின்னாலிருந்து பார்த்து டிரெய்லர் நேராகத் தொங்குகிறதா என்று சோதிப்பது. உள்பக்கம் வளைந்திருந்தால் பெரிய பல்லுக்குப் போகும்போது ஸ்போக்ஸில் சிக்கிக்கொள்ளும்.

இரண்டு நிமிடம் மட்டும் நிற்கும் சிறிய நிலையங்களை நம்பாதீர்கள். ஏற்ற இறக்க நேரம் போதாது.

இருபத்தெட்டு_இஞ்ச்

28 இஞ்ச் வண்டி தாங்குமான்னு கேட்டிருக்கீங்க. இந்த வழிக்கு அந்த வண்டிதான் ராஜா. சும்மா சொல்லல, கணக்கே சொல்றேன்.

முன்னால 44 பல், பின்னால 18 பல் இருந்தா ஒரு மிதிக்கு பின்சக்கரம் 2.44 சுத்து. 28x1½ சக்கரத்தோட சுற்றளவு கிட்டத்தட்ட 2.2 மீட்டர். ஒரு மிதிக்கு 5.4 மீட்டர். நிமிஷத்துக்கு 60 மிதி மிதிச்சா மணிக்கு 19 கி.மீ. சொச்சம். பாலத்து ஏத்தம் தவிர ஏத்தமே இல்லாத ஊர்ல வேற எந்த கியர் வேணும்? எதிர்காற்றுலதான் அந்த வண்டி அழும். கொண்டல் சொன்ன திசையில போனா அதுவும் இல்ல.

தயார் பண்ண வேண்டியது:

முன், பின் ஹப், நடு அச்சு மூணையும் பிரிச்சு மண்ணெண்ணெய்ல கழுவி புது பேரிங் குண்டு, புது கிரீஸ். முன் ஹப்புக்கு 3/16 இஞ்ச் குண்டு, பின் ஹப்புக்கும் நடு அச்சுக்கும் 1/4. இறுக்கம் பார்க்க, சக்கரத்தைத் தூக்கிப் பிடிச்சு விட்டா வால்வோட எடைக்கே தானா கீழ வந்து நிக்கணும். விளிம்பைப் பிடிச்சு ஆட்டினா ஆட்டம் கூடாது.

காட்டர் பின் (பெடல் கையை நடு அச்சோட பிடிச்சு வைக்கிற ஆப்பு) ரெண்டையும் சுத்தியால ஒரு தட்டு தட்டி நட்டை இறுக்குங்க, 20 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி இறுக்குங்க. முதல் தடவை இறுக்கினது கண்டிப்பா உட்காரும். உட்கார்ந்த பிறகு இறுக்காம விட்டா 100 கிலோமீட்டர்ல பெடல்ல "டக் டக்"னு அடி விழும், பின் தேய்ஞ்சு போகும்.

சங்கிலித் தொய்வு நடுவுல ஒண்ணேகால், ஒன்றரை சென்டிமீட்டர். வால் டியூப் (வால்வுக்குள்ள காற்றைத் தடுக்கிற சின்ன ரப்பர் குழாய்) ரெண்டும் புதுசு. பழைய வால் டியூப்தான் ராத்திரியில காற்று இறங்கறதுக்குப் பாதிக் காரணம். பஞ்சர்னு நினைச்சு டியூபைக் கழட்டுறதுக்கு முன்னால வால்வு மேல எச்சில் வச்சுப் பாருங்க.

பிரேக்: தண்டு பிரேக், இரும்பு ரிம். பனி விழுந்து ரிம் ஈரமா இருந்தா முதல் பிடி பிடிக்கவே பிடிக்காது. முன்கூட்டியே லேசா உரசவிட்டு ஈரத்தைத் துடைச்சுட்டுத்தான் நிஜமான பிரேக். கும்பகோணத்துக்குள்ள இது நினைவுல இருக்கட்டும்.

அச்சுமுறிச்சான்

ஹைப்ரிட்காரங்களுக்கு. அந்த வழியில எந்த ஊர்லயும் சைக்கிள் கடை உண்டு. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற சைக்கிள் தெருவுக்குப் பத்து ஓடுது, அதுக்கு வேலை செய்ற கடை இருக்கத்தானே செய்யும். சக்கரக் கோட்டம் எடுக்கறதுல அந்தக் கடைக்காரர் கை பெரிய ஊர் ஷோரூம் கையைவிட நல்லாவே இருக்கும். கிரீஸ், குண்டு, பிரேக் ஒயர், பிரேக் கட்டை, சொல்யூஷன், ஒட்டு எல்லாம் கிடைக்கும்.

கிடைக்காதது: 700 டியூப், 8 கியர் சங்கிலி இணைப்பு, டிரெய்லர் ஹேங்கர் (டிரெய்லரைச் சட்டத்தோட மாட்டுற துண்டு), உங்க நீளத்துக்கு ஸ்போக்ஸ். இதைத்தான் சுமக்கணும். மத்ததைக் குறைங்க.

வால்வு முக்கியம். உங்க டியூப் பிரெஸ்டா வால்வா (ஒல்லியான தண்டு, முனையில திருகு) இருந்தா எந்தக் கடை பம்பும் பிடிக்காது. பித்தளை அடாப்டர் ரெண்டு வாங்குங்க, ஒண்ணு வால்வு மூடி மாதிரி திருகிப் போட்டே வைங்க, ஒண்ணு பையில. அது இருந்தா மோட்டார் சைக்கிள் பஞ்சர் கடை கம்ப்ரசர்லயே காற்று பிடிக்கலாம். பிடிக்கும்போது ஒரு நொடி, ஒரு நொடியா விட்டு அளவு பாருங்க. உங்க டியூப் அந்த கம்ப்ரசருக்கு ஒரு வாய்க்குக்கூடப் பத்தாது.

இக்கட்டுல இன்னொரு வழி: 28x1½ டியூபை 700x35, 38 டயருக்குள்ள மடிச்சுப் போட்டு ஊர் போய்ச் சேரலாம். ஆனா அந்த வால்வுத் தண்டு தடிமன், பிரெஸ்டாவுக்குத் துளைச்ச ரிம்ல 6.5 மி.மீ. ஓட்டைதான், நுழையாது. 8.5 ஓட்டை உள்ள ரிம்னாதான் நடக்கும். ரிம்மை அங்கேயே துளைச்சுப் பெருசாக்கலாமேன்னு யாராவது டிரில்லர் தூக்கினா வேண்டாம்னு சொல்லுங்க. உங்க 32 டயருக்கு அந்த டியூப் ரொம்பவே பெருசு, சுருக்கம் விழுந்து உள்ளேயே வெட்டும். அதனால ஆளுக்கு ரெண்டு டியூப்.

காற்று அளவு: ஆள் 70, வண்டி 12, சாமான் 6, மொத்தம் 88 கிலோன்னு வச்சா 32 டயருக்குப் பின்னால 65 பி.எஸ்.ஐ., முன்னால 50. டயர் மேல அச்சடிச்சிருக்கிற அதிகபட்ச அளவுக்கு அடிக்காதீங்க. அது அந்த டயரோட எல்லை, உங்களுக்கான அளவு இல்ல. கிராமத்துச் சாலையில கல்லு மாதிரி துள்ளும், 60 கிலோமீட்டர்ல கை மரத்துப் போகும். ரொம்பக் குறைச்சாலும் வேகத்தடையில டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவுல நசுங்கி பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். ரெண்டு ஓட்டையைப் பார்த்தா முள்ளைத் தேடாதீங்க, காற்று போதலன்னு அர்த்தம்.

ஒரு ஓட்டைன்னா முள். பெரும்பாலும் சீமைக் கருவேலம். டியூபைக் கழட்டும்போதே வால்வு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு டயர்ல அடையாளம் வச்சுக்கோங்க. ஓட்டை டியூப்ல எங்க இருக்கோ, டயர்ல அதே இடத்துல முள் நிக்கும். முனை உள்ள முறிஞ்சு நிக்கும், வெளியில தெரியாது. பழந்துணியை உள்ளால தடவினா நூல் மாட்டும் இடம்தான் முள். அதை எடுக்காம புது டியூப் போட்டா அஞ்சு கிலோமீட்டர்ல அதுவும் போகும்.

ஒட்டு போடறப்ப அவசரம்தான் எதிரி. உப்புத்தாள்ல பளபளப்பு போற வரை தேய்ச்சு, சொல்யூஷன் மெல்லிசாத் தடவி, விரல்ல ஒட்டாத வரை அஞ்சு நிமிஷம் விட்டு, அப்புறம் ஒட்டை வச்சு அழுத்தணும். ஈரமா இருக்கும்போதே வச்சா வழுக்கிட்டு வரும். ஒரு தடவை திறந்த சொல்யூஷன் டியூப் சில மாசத்துல உள்ளேயே காய்ஞ்சிடும். கிளம்பறதுக்கு முந்தின வாரம் புதுசு வாங்குங்க.

நடுவாய்க்கால்

அண்ணே, ஸ்போக்ஸ் நடுவழியில் முறிந்தால்?

அச்சுமுறிச்சான்

பின்சக்கரத்துல, ஃபிரீவீல் (பின் பல்சக்கரம்) பக்கம்தான் பெரும்பாலும் முறியும். அதை மாத்த ஃபிரீவீல் கழட்டணும், அதுக்குக் கருவி வேணும், ரோட்டோரத்துல நடக்காது. முறிஞ்ச கம்பியைப் பக்கத்துக் கம்பியில சுத்தி டேப் போட்டுக் கட்டுங்க, ஆடி சங்கிலியில மாட்டக் கூடாது. வலப்பக்கக் கம்பி முறிஞ்சா அந்த இடத்துல ரிம் இடப்பக்கம் இழுத்துக்கும். அக்கம்பக்கம் இருக்கிற இடக்கம்பி ரெண்டையும் அரைச் சுத்து தளர்த்துங்க. வலப்பக்கத்தை முறுக்கி நேராக்கப் பார்த்தா அடுத்த கம்பியும் போகும். ரிம் பிரேக்கா இருந்தா பின்பிரேக்கைக் கொஞ்சம் விரிச்சு விடுங்க. சாமானை மத்தவங்க வண்டிக்கு மாத்திட்டு அடுத்த ஊர்க் கடை வரை மெதுவா போகலாம். 36 கம்பி சக்கரம் ஒண்ணு போனாலும் தாங்கும். 24 கம்பின்னா நடத்தித்தான் கூட்டிட்டுப் போகணும்.

8 கியர் சங்கிலிக்கு 8-க்கான விரைவு இணைப்புதான். 9-க்கானது குறுகல், 8 சங்கிலியில உட்காராது. பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும்.

களத்துமேடு

இதுவரை யாரும் பேசாத விஷயம், சாலையில் நெல்.

ஜனவரி, பிப்ரவரி சம்பா அறுவடைக் காலம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்துத்தான் நெல்லை எடுப்பார்கள். களம் போதாத ஊரில் காயப்போட இடம் தார்ச்சாலைதான். சாலையின் ஒரு பாதியில் இரண்டு விரற்கடை கனத்துக்கு நெல், ஓரத்தில் வண்டி ஏறாமலிருக்கக் கல்லும் முள்கிளையும் வைத்திருப்பார்கள். அந்தக் கிளை பெரும்பாலும் கருவேலம்தான். அச்சுமுறிச்சான் சொன்ன பஞ்சரில் பாதி அங்கிருந்து வருவது.

நெல்மேல் சைக்கிள் ஏறினால் குண்டு பேரிங்மேல் ஓடுகிற மாதிரி. நேராக மிதித்தால் போய்விடலாம். பிரேக் பிடித்தாலோ கைப்பிடியைத் திருப்பினாலோ சக்கரம் பக்கவாட்டில் ஓடிவிடும். எதிரே பேருந்து வந்தால் அதற்கு வழிவிட நெல்பக்கம் ஒதுங்காதீர்கள். முன்கூட்டியே நின்று, இறங்கி, நெல் போடாத பக்கத்து மண்ணில் நில்லுங்கள். அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு, சக்கரத்தால் கலைப்பது முறையும் இல்லை.

அறுவடை இயந்திரமும் டிராக்டரும் வயலிலிருந்து ஏறும் இடத்தில் வண்டல் சேறு அப்பிக் கிடக்கும். காய்ந்தால் செங்கல் மாதிரி கட்டி, பனியில் நனைந்தால் வெண்ணெய். வாய்க்கால் மதகு ஒட்டிய வளைவுகளில் அதிகம். மட்கார்டுக்கும் டயருக்கும் இடைவெளி ஒரு விரலுக்குக் குறைவாக இருந்தால் சேறு அடைத்துக்கொண்டு சக்கரம் நின்றுவிடும். 28 இஞ்ச் வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு.

வைக்கோல் இன்னொன்று. பார்க்கப் பஞ்சு மாதிரிதான், ஆனால் நீள வைக்கோல் டிரெய்லரின் குட்டிச் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். "கிர்ர்" சத்தம் கேட்ட அடுத்த நொடியே மிதிப்பதை நிறுத்த வேண்டும். இன்னும் இரண்டு மிதி மிதித்தால் ஹேங்கர் முறியும். இறங்கி, பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே வைக்கோலை இழுத்தெடுங்கள். மார்ச், ஏப்ரலில் வந்தால் வைக்கோல் இடத்தில் உளுந்துச் செடி இருக்கும். வண்டி ஏறி மணி உதிரட்டும் என்றே சாலையில் பரப்புவார்கள். அந்தத் தண்டு வைக்கோலைவிட முரடு.

நாலுவழி

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? தஞ்சாவூர்–கும்பகோணம் பக்கம் நாலுவழிச் சாலை வந்தாச்சு, திருச்சி–தஞ்சாவூரும் நாலுவழி. அகலமான ஓரம் இருக்கு. நெல்லும் இல்ல, மாடும் இல்ல.

களத்துமேடு

நிழலும் இல்லை, டீக்கடையும் இல்லை. ஓரத்தில் லாரி டயர் வெடித்துச் சிதறிய இரும்பு ஊசிக்கம்பி கிடக்கும், கண்ணுக்கே தெரியாது, டயருக்குள் ஊசி மாதிரி இறங்கும். அதே ஓரத்தில் எதிர்த்திசையில் இருசக்கர வண்டிகள் வரும். ஊர் வழியாகப் போவதற்குத்தானே இந்தப் பயணமே.

கொண்டல்

நாலுவழி சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. மயிலாடுதுறை–கும்பகோணம் 38 கிலோமீட்டர்தான் இந்த வழியிலேயே மோசமான பகுதி. குத்தாலம், ஆடுதுறை, திருவிடைமருதூர், திருபுவனம்னு ஊர் விட்டா ஊர், சாலை குறுகல், பஸ் அதிகம். காலை 7.30-லேர்ந்து 9 வரை பள்ளி, கல்லூரி பஸ் எல்லாம் அதுல. சனிக்கிழமை வேண்டாம், ஞாயிறு வைங்க. கைப்பிடியில வலப்பக்கம் ஒரு கண்ணாடி. மூணு பேரும் வரிசையா, முன்வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டு. ஒட்டிப் போனா காற்று மறையும், ஆனா நாய் குறுக்க வந்தா மூணு பேரும் விழுவீங்க. எப்படியும் காற்று பின்னால, மறைக்க என்ன இருக்கு?

கும்பகோணம் தாண்டி சுவாமிமலை, கபிஸ்தலம், கணபதி அக்ரஹாரம் வழியா திருவையாறு வரைக்கும் ஆற்றங்கரைச் சாலை. அதுதான் அந்த நாளோட சம்பளம். மேட்டூர்ல வழக்கமா ஜூன் 12 திறந்து ஜனவரி 28-ல மூடுவாங்க. உங்க தேதி அதுக்கு முன்னால இருந்தா ஆற்றுல தண்ணி பார்க்கலாம், தள்ளிப் போனா மணல்தான்.

தேதி முடிவு பண்றதுக்கு முன்னால தியாகராஜர் ஆராதனை எப்போன்னு பாருங்க. புஷ்ய பகுள பஞ்சமி, பெரும்பாலும் ஜனவரியிலதான் வரும். அந்த நாட்கள்ல திருவையாறுல நிக்க இடமிருக்காது. சங்கீதம் பிடிக்கும்னா அதுவே காரணமா வச்சுக்கலாம், அது வேற.

தாவணிக்கொடி

மூவரில் பெண் யாரும் இருந்தால் இது. இல்லாவிட்டாலும் படித்து வைக்கலாம்.

கழிப்பறை கணக்கைக் கிலோமீட்டரில் போடுங்கள். குத்தாலம், ஆடுதுறை, கும்பகோணம் வரை பெட்ரோல் பங்க் அடிக்கடி வரும். பங்கில் கழிப்பறையைக் கேட்டுப் பயன்படுத்தலாம், எண்ணெய் போட வேண்டிய அவசியம் இல்லை. சுவாமிமலை தாண்டிய பிறகு ஆற்றங்கரைச் சாலையில் பங்க் குறைவு. கும்பகோணத்திலும் திருவையாற்றிலும் கட்டாயம் போய்விட்டு வாருங்கள். "அவசரம் வந்தால் பார்த்துக்கலாம்" என்று தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவதுதான் பெண்கள் செய்யும் முதல் தவறு. தலைவலி மதியம் வந்து நிற்கும்.

திண்டு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை போடக் கூடாது. தையல் ஓரம்தான் தோலை அறுக்கும். கிளம்பும் முன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவி, மதியம் ஒருமுறை திரும்பத் தடவுங்கள். எரிச்சல் தொடங்கிய பிறகு தடவினால் பாதிப் பலன்தான்.

கோவிலுக்குள் போவதாக இருந்தால் ஒரு மெல்லிய வேட்டியோ துப்பட்டாவோ மேலே சுற்றிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கோவில்கள் 12 மணிக்கு நடை சாத்தி மாலை 4-க்குத்தான் திறப்பார்கள். உங்கள் நேரத்தில் கும்பகோணம், சுவாமிமலை கிடைக்கும். அதற்கு மேல் ராஜகோபுரம்தான்.

இருபத்தெட்டு_இஞ்ச்

அக்கா சொன்ன எரிச்சலுக்கு இன்னொரு காரணம் இருக்கு. மலை வழியில இறக்கத்துல மிதிக்காம உட்கார்ந்து வரலாம், உடம்பு நிலை மாறும். சமவெளியில எட்டு மணி நேரமும் மிதிச்சுக்கிட்டே ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கோம். "சமவெளி, சுலபம்"னு நினைக்கிறவங்க பாதி வழியில உட்கார முடியாம நிக்கிறது இதனாலதான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அரை நிமிஷம் எழுந்து நின்னு மிதிங்க. கை வைக்கிற இடத்தையும் மாத்துங்க. சீட்டு உயரம்: குதிகாலைப் பெடல்ல வச்சா கீழ வரும்போது முட்டி நேரா நீளணும். பழைய வண்டியில சீட்டை இறக்கி வச்சே ஓட்டுவாங்க, முட்டிவலிக்கு அதுதான் காரணம்.

உப்புசர்க்கரை

ஜனவரி வெயில் 30 டிகிரிக்குள் அடங்கும். மணிக்கு 500, 600 மி.லி. போதும். ஒரே தடவை ஒரு பாட்டிலைக் கவிழ்க்காமல் பதினைந்து நிமிடத்துக்கு நாலு வாய்.

எட்டு மணி நேரமும் வெறும் தண்ணீரே குடித்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. தலைசுற்றல், குமட்டல் வரும், அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் குடிப்பார்கள், இன்னும் மோசமாகும். 21 கிராம் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒரு லிட்டருக்கு. அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தைக் கொட்டாதீர்கள், அடர்த்தி கூடி வயிற்றைக் கலக்கும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் சமமாகத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடியுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. நீர்மோர் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

சாப்பாடு: பசிக்கும் முன் சாப்பிட வேண்டும். ஓடத் தொடங்கிய ஒரு மணி நேரத்திலிருந்து மணிக்கு 40 முதல் 50 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவுக்கு இருக்கும். மணிக்கு ஒரு பழம், கூட கடலை மிட்டாய் ஒன்றிரண்டு என்று போனால் சரியாக இருக்கும். கும்பகோணத்தில் 9 மணிக்கு இட்லி, கடப்பா, டிகிரி காபி. நான்கு இட்லிக்கு மேல் வேண்டாம். பூரி, வடை, நெய் ரோஸ்ட் எல்லாம் எண்ணெய், அடுத்த இரண்டு மணி நேரம் வயிற்றிலேயே உட்கார்ந்திருக்கும். திருவையாற்றில் அசோகா சாப்பிடாமல் யாரும் வரமாட்டீர்கள். பாசிப்பருப்பு, சர்க்கரை, நெய். சின்ன அளவு என்றால் எரிபொருள், கால் கிலோ என்றால் தூக்கம். மதியத்துக்குத் தயிர்சாதம், ஊறுகாய். முழுச் சாப்பாடு இலை போட்டு உட்கார்ந்தால் திருச்சி அன்றைக்கு இல்லை.

கல்லணையில் வறுத்த மீன் வாசனை இழுக்கும். அங்கிருந்து திருச்சிக்குச் சுமார் 20 கி.மீ. மிச்சம் இருக்கும். அவ்வளவுதான் சொல்வேன்.

நடுவாய்க்கால்

எல்லோருக்கும் நன்றி. மாற்றிய திட்டம், தவறு இருந்தால் வெட்டுங்கள்:

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறு, ஆராதனைத் தேதியைத் தவிர்த்து. சனி மாலை பூம்புகாரில் தங்கல். 5.30 கிளம்பி மேலையூர் வழி மயிலாடுதுறை 6.50 (24 கி.மீ.). டீ, பத்து நிமிடம். கும்பகோணம் 9.10 (62). முக்கால் மணி. திருவையாறு 12.00 (97). ஒரு மணி நேரம். திருக்காட்டுப்பள்ளி 2.00. கல்லணை 2.45. அரை மணி. திருச்சி 4.30 (145).

ஆளுக்கு டியூப் 2. பொதுவில்: ஒட்டு 6, புது சொல்யூஷன், டயர் லீவர் 3, பம்பு 1, பித்தளை அடாப்டர் 4, சங்கிலி வெட்டியுடன் கருவி 1, விரைவு இணைப்பு 2, ஹேங்கர் 2, கியர் ஒயர் 1, பிளாஸ்டிக் கட்டு 6, டேப். 28 இஞ்சுக்கு வால் டியூப் ஒரு முழம், காட்டர் பின் 1, சிறு சுத்தி, ஸ்பேனர்.

அச்சுமுறிச்சான்

சுத்தியை விடுங்க, எந்தக் கடையிலயும் கேட்டா தருவாங்க. கியர் ஒயர் இருக்கு, ஸ்போக்ஸ் சாவி இல்ல. உங்க கருவியில இருக்கான்னு பாருங்க. குறடு சின்னது ஒண்ணு சேருங்க, முள் எடுக்க. ஹேங்கர் வண்டிக்கு வண்டி வேற, ஒரே மாதிரி தெரிஞ்சாலும் கழட்டி ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பார்த்துட்டு வாங்குங்க.

கொண்டல்

5.30-க்குக் கிளம்பினா ஒரு மணி நேரம் இருட்டு. அங்க அப்போ சூரிய உதயம் 6.30-ஐ ஒட்டி. ஆற்றோரம் மூடுபனியும் இருக்கும். முன்விளக்கு 300 லூமன் குறையாம, பின்னால சிவப்பு அணைஞ்சு எரியற விளக்கு ஆளுக்கு ஒண்ணு, பனி விலகுற வரை எரியட்டும். பெயின்ட் அடிக்காத வேகத்தடை ஊர் எல்லையிலயும் பள்ளிக்கூட வாசல்லயும் இருக்கும், முன்னால போறவர் குரல் கொடுக்கணும்.

கல்லணையிலேர்ந்து ரெண்டு வழி. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல கிளிக்கூடு, உத்தமர்சீலி, திருவளர்ச்சோலை வழியா திருவானைக்கோவில். இல்லன்னா தென்கரையில வேங்கூர், சர்க்கார்பாளையம் வழி. 3 மணிக்கு மேல வெயில் நேரா கண்ணுல அடிக்கும், மேற்க போறீங்க. முதல் வழியில வாழைத்தோட்டமும் தென்னையும் கொஞ்சம் மறைக்கும். காவிரியில வெள்ளம் விட்டிருக்கிற நாள்னா அந்த வழியில தரைப்பாலத்துல தண்ணி ஏறும், ஜனவரியில அந்தக் கவலை இல்ல. தொப்பி விளிம்பு நீளமா இருக்கட்டும்.

களத்துமேடு

நாய் பற்றி யாரும் எழுதவில்லை. வேகம் கூட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், ஓடுவதைத்தான் துரத்தும். இறங்கி, வண்டியை நடுவில் வைத்து நடங்கள். பெரும்பாலும் ஐம்பது அடியில் விட்டுவிடும். கடித்துவிட்டால், பல் பட்ட கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனை. ஊசி இலவசம். பயணம் அதோடு நின்றாலும் நிற்கட்டும்.

நடுவாய்க்கால்

ஸ்போக்ஸ் சாவி கருவியில் இல்லை, வாங்க வேண்டும். கடைசியாக ஒன்று. மூவரில் 28 இஞ்ச் வண்டிக்காரர் பின்தங்கினால் எங்கே விட்டுவிட்டு ஏற்றி அனுப்புவது?

பார்சல்_ஆபீஸ்

கும்பகோணம். 62-வது கிலோமீட்டரில் உள்ளது, ரயில் உண்டு, பார்சல் கேட்கலாம். திருவையாற்றில் ரயில் நிலையமே இல்லை. அதைத் தாண்டிவிட்டால் சுமார் 12 கி.மீ. தெற்கே தஞ்சாவூருக்கு இறங்க வேண்டும். ஆகவே முடிவைக் கும்பகோணத்தில் காபி குடிக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

இருபத்தெட்டு_இஞ்ச்

அந்த வண்டி பின்தங்காது. ஹைப்ரிட்டுக்குத்தான் இடம் கேட்டு வைங்க.